முப்பது வெள்ளி முயல்

“முப்பது வெள்ளி முயலுக்கு முந்நூறு வெள்ளி மருந்தா?”

இந்தக் கேள்வியைக் கடந்த சில மாதங்களில் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மாமா கேட்டார். விடுதித் தோழிகள் கேட்டார்கள். கால்நடை மருந்தகம் ஒன்றின் முகப்பில் பணம் வாங்குபவர்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டவர்களில் யாரும் கல்நெஞ்சர் அல்லர். அவர்களின் கேள்விக்குப் பின்னால் நாம் அனைவரும் அறிந்த ஒரு கணக்கு இருக்கிறது. பழுது பார்க்கும் செலவு பொருளின் விலையைத் தாண்டினால் பழையதை வீசிவிட்டுப் புதியதை வாங்கிக்கொள் என்பதே அக்கணக்கு. மின்விசிறிக்கு அது சரி. துணி துவைக்கும் இயந்திரத்திற்கும் சரி. நோயுற்ற ஓர் உயிருக்கு அந்தக் கணக்கைப் போடுவது தவறு என்பது என் கருத்து. இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சுவதற்காக நான் இதை எழுதவில்லை; நம் இதழில் இரக்கத்தைப் பற்றிய கட்டுரைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கடுமையான நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு முயலை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன, அதை யார் செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவைப்படுகிறது என்பதைச் சொன்னாலே அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பது வாசகர்களுக்கு விளங்கிவிடும்.

முதலில் முயலை அறிமுகப்படுத்தி விடுகிறேன். பெயர் மைலோ. நிறத்தைப் பார்த்துத் தம்பி வைத்த பெயர். சீன நாட்காட்டியின்படி 2023ஆம் ஆண்டு முயல் ஆண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளானில் எங்கள் தாமான் இரவுச் சந்தையில் கம்பிக் கூண்டுகளில் முயல் குட்டிகள் வரிசையாக விற்பனைக்கு வந்தன. தம்பிக்கு அப்போது பதினொரு வயது. தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தவன், முப்பது வெள்ளி கொடுத்து ஒன்றை வாங்கி வந்துவிட்டான். கூடவே ஒரு பொட்டலம் தீனி கொடுத்தார்கள். அது எத்தனை ஆண்டு வாழும், என்ன தின்னும், என்ன நோய் வரும் என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழும். ஆறாம் ஆண்டுக்குக்கூடப் போகாத பையன் வாங்கி வந்த முயல், அவன் பல்கலைக்கழகத்திற்குள் நுழையும்போதும் வீட்டில் இருக்கக்கூடும். அந்த முப்பது வெள்ளி இத்தனை ஆண்டுகளுக்கான நுழைவுச்சீட்டு என்பதை விற்றவர் சொல்லவில்லை.

2025 ஆகஸ்டில் ஒரு காலை மைலோவின் தலை வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாலைக்குள் அதனால் நிற்க முடியவில்லை. எழப் பார்க்கும்போதெல்லாம் மரக்கட்டை உருள்வதுபோல் ஒரே பக்கமாக உருண்டது. கண்மணிகள் இடமும் வலமுமாகத் துடித்தன. பார்த்தவர்கள் எல்லாரும் வலிப்பு என்றார்கள். பாட்டி கண்ணேறு என்றார். உண்மையில் அது வலிப்பு அன்று. உள்காதிலும் மூளையிலும் உடம்பின் சமநிலையைக் காக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது கெட்டுப்போனால் உலகமே சுழல்வதாக விலங்குக்குத் தோன்றும். விழாமல் இருப்பதற்காக அது தன்னைத்தானே தள்ளிக்கொண்டு உருளும்.

முதலில் போன மருந்தகத்தில் பூனையும் நாயும் மட்டுந்தான் பார்ப்போம் என்றார்கள். இரண்டாவது மருந்தகத்தில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இது தேறாது, ஊசி போட்டு முடித்துவிடலாம், வேறு முயல் மலிவாகவே கிடைக்கும் என்றார்கள். மூன்றாவதாகத்தான் முயல்களைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவர் கிடைத்தார். கால்நடை மருத்துவத்தில் முயலைப் பாம்பு, ஆமை, கிளி ஆகியவற்றோடு சேர்த்து ‘அயல்வகை விலங்கு’ என்ற பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரவுச் சந்தையில் முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும் விலங்கு மருத்துவர் அறையில் அரிய விலங்காகிவிடுவது வேடிக்கைதான்! இக்கட்டுரையைப் படிக்கும் யாரேனும் முயல் வைத்திருந்தால், அயல்வகை விலங்குகளைப் பார்க்கும் மருத்துவர் அருகில் எங்கே இருக்கிறார் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். சிலாங்கூர்வாசிகளுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

அந்த மருத்துவர் இரண்டு காரணங்களைச் சொன்னார். ஒன்று, காதின் உட்பகுதி வரை போய்விட்ட பாக்டீரியாத் தொற்று. மற்றொன்று, என்செபலிட்டோசூன் குனிக்குலி என்ற ஒட்டுண்ணி. பெயர் பெரிது, உயிரி மிகச் சிறியது. பூஞ்சைகளுக்கு நெருங்கிய உறவு. நோய் கண்ட முயலின் சிறுநீரில் அதன் வித்துகள் வெளியேறி, தீனியிலும் நீரிலும் கலந்து, அடுத்த முயலின் வயிற்றுக்குள் போகின்றன. தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் குட்டிக்கும் போவதுண்டு. பிறகு சிறுநீரகத்திலும் மூளையிலும், சில வேளைகளில் கண்ணிலும் குடியேறிவிடும். எத்தனையோ முயல்கள் இதைச் சுமந்துகொண்டே ஒரு தொல்லையுமின்றி வாழ்ந்து முடிக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் என்றோ ஒருநாள் தலை சாய்ந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று நினைக்கலாம். அதில் எதிர்ப்பொருள் தென்பட்டால் ஒட்டுண்ணி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். இன்றைய சாய்வுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே மருத்துவர் இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தந்தார். ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து 28 நாள்களுக்கு, தொற்றுக்கு ஒரு மருந்து, வீக்கம் தணிய ஒன்று. “தலை முழுமையாக நிமிராமலே போகலாம். பிழைத்தாலும் பிறகு சிறுநீரகம் கெடலாம். நான் எதற்கும் உறுதி தர முடியாது. ஆனால் முயன்று பார்க்கத் தகுந்த நிலைமைதான்,” என்றார். அன்றைய கட்டணம் 310 வெள்ளி. வார இறுதிகளில் நான் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து கொடுத்தேன்.

இங்கேதான் முப்பது வெள்ளிக் கணக்கு மீண்டும் வருகிறது. நான் அதை ஏற்காததற்கு முதற்காரணம் எளிமையானது. புதிய முயல் வாங்கினால் மைலோவின் கிறுகிறுப்பு நிற்காது. பழுதான மின்விசிறியை மாற்றினால் வீட்டின் புழுக்கம் தீரும். ஏனென்றால் தேவை நம்முடையது. நோயில் தேவை முயலுடையது. அதைத் தீர்க்கும் பொருள் எந்த இரவுச் சந்தையிலும் இல்லை. நம் நாட்டுச் சட்டமும் விலையைப் பார்ப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த இடமும் உணவும் தருவதோடு வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்தும் அதைக் காக்கவேண்டும் என்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். ஆயிரக்கணக்கில் விலை போகும் பூனைக்கு ஒரு கடமை, மலிவான முயலுக்கு வேறொரு கடமை என்று சட்டம் பிரிக்கவில்லை.

சட்டத்தை விடுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் எத்தனை பேர் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் முழங்கியிருக்கிறோம்! நானும் ஐந்தாம் ஆண்டில் முழங்கி ஒரு சுழற்கிண்ணம் வாங்கியவள்தான். இப்போது அந்தக் கதையை நினைத்தால் ஒரு சந்தேகம் வருகிறது. மயிலுக்கு உண்மையிலேயே குளிரியதா? பேகனின் மனம் பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் மயிலுக்கு என்ன வேண்டும் என்பதை அவன் மயிலைக் கேட்டா அறிந்தான்? மைலோ உருண்டு கிடந்த அந்த இரவு எங்கள் பாட்டியும் ஒரு கம்பளியைத்தான் எடுத்து வந்தார். மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: மேலே எதையும் போர்த்தாதீர்கள். வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயல்கள். பகலின் சூட்டைக் குளிர்ந்த மண்வளைக்குள் கழித்தவை. முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றும். கிள்ளான் வெயிலில், நோயோடு, கம்பளிக்குள் கிடந்தால் அதற்கு வேறு நோய் தேவையில்லை. அதற்கு வேண்டியது, இரு பக்கமும் அணைகொடுக்கச் சுருட்டி வைத்த துண்டுகள். உருள இடமில்லாமல் செய்துவிட்டால் காயம் படாது, பயமும் குறையும். கம்பளியும் துணிதான், துண்டும் துணிதான். எதை எங்கே வைப்பது என்பதுதான் பராமரிப்பு.

அந்தப் பராமரிப்பு எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நாயோ பூனையோ ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். முயலுக்கு அப்படி விட முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அரை நாளுக்கு மேல் தின்னாமல் கிடந்தால் குடல் ஓட்டம் நின்று, வாயு சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். தலைசாய்வால் சாகாத முயல் பட்டினியால் செத்துவிடலாம். எனவே ஊசியில்லாத மருந்துக் குழாயில் மசியல் ஊட்டவேண்டும். நோயுற்ற முயலுக்கென்றே ஊட்டத்தூள் விற்கிறார்கள், விலை கூடுதல். அது தீர்ந்த நாள்களில் மருத்துவர் சொன்னபடி முயல் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்தோம். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்திப் பிடித்து, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டாகக் குழாயை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மென்று விழுங்கும்வரை காத்திருக்கவேண்டும். 15 மில்லி உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து முறை!

சாய்ந்த பக்கத்துக் கண் தரையில் உரசும். அதற்கு மருந்திட வேண்டும். முயல் தன் குடலிலிருந்து வரும் மென்மையான ஒருவகைக் கழிவைத் தானே வாயால் எடுத்துத் தின்னும். அருவருக்காதீர்கள், அதற்குத் தேவையான சத்து அதில்தான் இருக்கிறது. தலை சாய்ந்த முயலால் அதை எட்ட முடியாது. பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, ஈ மொய்த்து, புண்ணாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் போகத் துவட்டவேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்க்கவேண்டும். முயல் என்பது மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். நோயை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. தராசும் கழிவும்தான் உண்மையைச் சொல்லும். முயலென்றால் கேரட் என்று கேலிச்சித்திரங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கேரட்டில் சர்க்கரை அதிகம். முயலின் உணவில் பெரும்பகுதி நார் மிகுந்த புல்லாகவே இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு மக்சிக் தம் கம்போங்கிலிருந்து யானைப்புல் அறுத்து வந்து கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை.

இத்தனையையும் செய்தது யார்? நான் திங்கள் முதல் வெள்ளி வரை விடுதியில் இருக்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். எந்நேரம் வருவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் மாறி மாறி வேலை நேரம். தம்பிக்குப் பள்ளி. பகல் முழுவதும் மைலோவோடு வீட்டில் இருப்பவர் பாட்டி ஒருவர்தான். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். நாளிதழை எழுத்துக்கூட்டி ஒரு வரி விடாமல் படிப்பார். தமிழைத் தவிர வேறு மொழி படிக்கத் தெரியாது. மருத்துவர் கொடுத்த தாள்களோ ஆங்கிலத்தில் இருந்தன. வாய்மொழியாக அவர் மலாயில் சொன்ன ‘கெப்பாலா செங்கெட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே பாட்டிக்குப் பிடிபட்டன.

எனவே நான் ஓர் அட்டவணை எழுதினேன். தமிழில். நம் கழக உறுப்பினர்களுக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். எழுத உட்கார்ந்தபோது அவ்வளவு எளிதாக இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழ் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை தமிழை ஒரு பாடமாக எடுத்தேன். கட்டுரை எழுதத் தெரியும், அணி இலக்கணம் தெரியும். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் முறையைத் தெளிவாக எழுதும் தமிழ் என்னிடம் இல்லை. உயிரியலை வேற்றுமொழியில் படித்தவளுக்கு அகராதியைப் புரட்டினால் கிடைத்ததெல்லாம் பாட்டிக்கு விளங்காத சொற்கள். ‘கழிவுத் துகள்களின் எண்ணிக்கையைக் கண்காணிக்கவும்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். “புழுக்கையா? புழுக்கை போட்டுச்சான்னு பாக்கணும். அதானே?” ஆட்டுக்கும் முயலுக்கும் அந்தச் சொல் பலநூறு ஆண்டுகளாக இருக்கிறது. பட்டதாரி ஆகப்போகிறவளுக்கு அதைத் தோட்டத்துக் கிழவிதான் எடுத்துக் கொடுத்தார். சமநிலைக் கோளாறு என்று நான் எழுதியது கிறுகிறுப்பு ஆனது. ‘உணவை மறுத்தால்’ என்பது ‘வாயைத் திறக்கலேன்னா’ ஆனது. கடைசியில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் இப்படி இருந்தது: காலை ஏழு மணி, மசியல், சிவப்புக் கோடு வரைக்கும். மல்லாத்தக் கூடாது. வெள்ளை மருந்து, சின்னக் குழாய். புழுக்கை போட்டால் ஒரு கோடு. மத்தியானம் வரைக்கும் ஒரு கோடும் இல்லையென்றால் எனக்கு அடிக்கவும்.

பாட்டி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். தோட்டத்தில் தாயை இழந்த ஆட்டுக்குட்டிகளுக்குப் பாலாடையில் பால் ஊட்டியவர் அவர். அந்தப் பழைய பாலாடையைத் தேடி எடுத்தும் வந்தார். மசியல் கெட்டியாக இருந்ததால் அது பயன்படவில்லை. ஆனால் பயந்த விலங்கை மடியில் இடுக்கி, தாடையைத் தடவி, வாய் திறக்க வைக்கும் வித்தையை நாங்கள் அனைவரும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். செல்லப்பிராணி வளர்ப்பது வெள்ளைக்காரன் பழக்கம், பணக்காரர் பொழுதுபோக்கு என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. லயத்து வீடுகளில் ஆடும் மாடும் கோழியும் இல்லாத வீடு எது? அவை பால் தந்தன, காசு தந்தன, கறியும் ஆயின; மைலோ ஒன்றும் தருவதில்லை என்பது உண்மைதான். (கறியைப் பற்றிப் பேசியதால் சொல்கிறேன்: மைலோவையும் மசாலாவில் போட்டுவிடலாம் என்று மாமா ஒருவர் சொன்னார். 28 நாள் பூச்சி மருந்து தின்ற கறி என்று தம்பி சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.) வித்தை மட்டும் அதே வித்தைதான். அது நம் வீட்டுக் கிழவிகளின் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது, மருத்துவர் சொன்னதை அவர்கள் மொழியில் எழுதிய ஒரு தாள்.

இனி, அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். மனிதர்களுக்கே மருந்துக்குப் பணமில்லாதபோது முயலுக்கா? நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ள மாட்டேன். எங்கள் பாட்டிக்கு நீரிழிவு நோய். அவருடைய மாத்திரைகள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து வருகின்றன. அங்கே குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணமே ஒரு வெள்ளிதான். முயலுக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லாததால்தான் 310 வெள்ளி ஆனது. ஒன்றின் பணத்தைப் பிடுங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கவில்லை. மாறாக நடந்தது வேறு. முயலின் அட்டவணை ஒட்டிய இரண்டாம் வாரம் பாட்டி தம் மாத்திரைப் பைகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “அதுக்கு எழுதின மாதிரி எனக்கும் ஒன்னு எழுதிக் குடு கண்ணு,” என்றார். பைகளின் மேல் எல்லாம் மலாயில் இருந்தது. சாப்பாட்டுக்கு முன் எது, பின் எது, எத்தனை என்று பெரிய எழுத்தில் எழுதி மைலோவின் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய். நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். முயலுக்குச் செய்த வேலை மனிதரிடமிருந்து எதையும் பறித்துவிடவில்லை என்பதற்கு எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவே சாட்சி.

பாட்டியின் உடல்நிலையை எண்ணி, இந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றுமா என்றும் மருத்துவரைக் கேட்டோம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் போல, நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்குத் தொற்றியது உண்டு. மற்றவர்களுக்கு ஆபத்து குறைவு. ஆயினும் சிறுநீர்த் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையைப் பாட்டிக்குக் கொடுக்கவில்லை. அது கையுறையுடன் தம்பியின் வேலை. கொதிநீர் ஊற்றிக் கழுவி, சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும். முதல் வாரத்திலேயே யாரோ ஓர் அத்தை, வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுங்கள், சரியாகிவிடும் என்றார். பென்சிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே இறந்துபோகலாம். அன்பினால் சொன்னார்தான். அன்பு இருந்தாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாத மருந்து அது.

எல்லா முயலையும் எப்பாடுபட்டாவது காப்பாற்றியே தீரவேண்டும் என்பது என் வாதமன்று. எங்கள் மருத்துவர் தொடக்கத்திலேயே மூன்று எல்லைகளைச் சொல்லிவிட்டார். உருள்வது நிற்கவேயில்லை என்றால், தானாகத் தின்னும் ஆசை திரும்பவேயில்லை என்றால், வலியை மருந்தால் அடக்க முடியவில்லை என்றால், நோவின்றி விடைகொடுப்பதுதான் நல்லது என்றார். அதை நான் மனமார ஏற்கிறேன். பணம் உண்மையிலேயே இல்லாத குடும்பம் மருத்துவரிடம் போய் அம்முடிவை எடுத்தாலும் அவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஊசி போட்டு முடித்துவிடலாம் என்ற இரண்டாம் மருந்தகத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது ஊசிக்காக அன்று. முயலைப் பார்க்குமுன் அதன் விலையைப் பார்த்ததற்காக. நான் குறை சொல்வது வேறு சிலரை. நோயென்றதும் பூங்காவிலோ செம்பனைத் தோட்டத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டு, சுதந்திரம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்கிறவர்களை. கூண்டில் பிறந்த முயலுக்கு அங்கே நாயும் பாம்பும் வெயிலும்தான் காத்திருக்கின்றன. கண்முன் சாகவில்லை என்பதால் அது சாகவில்லை என்று ஆகிவிடாது.

ஒன்பதாம் நாள் மைலோ உருள்வதை நிறுத்தியது. பதினான்காம் நாள் கங்கோங் இலை ஒன்றைத் தானாக இழுத்துத் தின்றது. அன்று பாட்டி தாளில் கோடு போடாமல் ஒரு பூ வரைந்திருந்தார். மருந்தை இனி நிறுத்திவிடலாமே, காசு மிச்சம் என்று தம்பி கேட்டான். 28 நாள் என்றால் 28 நாள்தான். ஒட்டுண்ணி நாம் நினைக்கும் நேரத்தில் சாவதில்லை. தலை இன்னும் நிமிரவில்லை. எதையோ உற்றுக் கேட்பதுபோல் சாய்ந்தே இருக்கிறது. அப்படியே ஓடுகிறது, தின்கிறது, சோபாவின் காலைக் கடிக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள், ஐயோ பாவம் என்கிறார்கள். மைலோவுக்கு அந்தப் பாவம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

சிறுநீரகத்தைப் பார்க்க ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். தம்பி வாரம் மூன்று வெள்ளி, நான் ஐந்து வெள்ளி, ஒரு காலி மைலோ டின்னில் போட்டு வருகிறோம். அப்பாவும் லாரியிலிருந்து இறங்கிச் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைச் சொல்லாமல் போடுகிறார் என்பது டின்னின் கனத்தில் தெரிகிறது. முயல் விற்பவர்கள் கூண்டோடும் தீனியோடும் ஒரு தாளையும் மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் கொடுக்கவேண்டும் என்று கால்நடைச் சேவைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தத் தாளின் தமிழ்ப்பகுதியை எழுத ஆள் இல்லை என்று அவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்று, நானும் பாட்டியும் சேர்ந்து எழுதியதைக் கடிதத்தோடு இணைத்தே அனுப்பியிருக்கிறேன். புழுக்கை என்ற சொல்லை மாற்றவில்லை.